நடுவிரலில் ஒரு ராங் நம்பர்

அப்பா சென்னை டெலிபோன்ஸில் கேபிள் ஜாயின்டர். எண்பதுகளில் ஓட்டேரி, அயனாவரம், பெரம்பூர் பக்கம் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரம் ஒரு குழி, மேலே தார்ப்பாய், உள்ளே ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பி கம்பியாகத் திருகிக்கொண்டிருப்பார். அந்த ஆட்களில் ஒருவர் எங்கள் அப்பா. "நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், ஸ்லேட்." வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே இதை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். முதலில் வெள்ளையோடு இந்த ஐந்து. அப்புறம் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா ஒவ்வொன்றோடும் ஐந்தைந்து. 25 ஜோடி ஆயிற்றா, ஒரு கட்டு முடிந்தது. கலரைப் பார்த்துக் கட்டினால் தப்பே வராது என்பார். தப்பினால், டாக்டர் வீட்டுக்குப் போட்ட போன் மாவு மில்லில் அடிக்கும்.

அவர் போய்ச் சில வருடமாகிறது. 2023 டிசம்பரில் என் கைக்குள்ளேயே ஒரு கேபிள் அறுந்தபோது, அவர் இல்லாதது புதிதாக உறைத்தது. இருந்திருந்தால் எனக்கு முன்னால் அவர் புரிந்துகொண்டிருப்பார்.

மிக்ஜாம் புயல், டிசம்பர் 4. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை. அடித்துக்கொண்டிருந்த ஜன்னலைச் சாத்தப் போனேன். கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டில், ரேகைக்கு இரண்டு அங்குலம் மேலே, உள்பக்கமாக இறங்கியது. ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, தண்ணீரில் நடந்தே, திறந்திருந்த ஒரே கிளினிக்குக்குப் போனோம். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் ஐந்து தையல். "நரம்பு எதுவும் கட் ஆகலைம்மா. ஆகியிருந்தா ரத்தம் பீச்சி அடிச்சிருக்கும்" என்றார் தைத்தவர்.

நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்த வாக்கியத்தில் என்ன தப்பு என்று புரிய எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

தமிழில் நரம்பு என்கிற சொல்லுக்கு வேலைப்பளு அதிகம். புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிகிறதே, அதை நரம்பு என்கிறோம். அது சிரை. குளுக்கோஸ் ஏற்றுவதும் நரம்பில்தான். கழுத்து பிடித்துக்கொண்டால் நரம்பு பிசகிவிட்டது என்கிறோம், அநேகமாக அது தசை. இலையில் ஓடுவது நரம்பு, சங்கப் பாட்டில் யாழின் தந்தி நரம்பு, ரயில்வே ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ் ஒட்டிக் குணப்படுத்தப்படுவது நரம்புத் தளர்ச்சி. இத்தனைக்கும் நடுவில் அசல் நரம்புக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. வெள்ளையாக, வேகவைத்த சேமியாவைக் கட்டு கட்டாக உறைக்குள் போட்ட மாதிரி இருக்கும் அது. தொடு உணர்ச்சியை மேலே கொண்டுபோவதும், அசைக்கிற கட்டளையைக் கீழே கொண்டுவருவதும் அதுதான். வெட்டுப்பட்டால் பீச்சி அடிக்காது. சத்தமே போடாமல் போய்விடும்.

அந்த டாக்டரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளத்தில் கதவைத் திறந்து வைத்திருந்தவர். ஆனால் ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. மணிக்கட்டில் வெட்டு என்றால், மரத்துப்போகிற ஊசி போடுவதற்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் யாரையாவது தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரிகிறதா? உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்க முடிகிறதா? இல்லை என்றால் தோலைத் தைத்ததோடு அது முடியாது. ஊசி போட்ட பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை, எல்லாமே மரத்துத்தான் இருக்கும்.

நான் ஒரு வங்கியில் கேஷ் கவுன்ட்டர். பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். ஐந்நூறு ரூபாய்க் கட்டை எடுத்து எண்ணினால் 97. மெஷினில் போட்டால் 100. திரும்ப எண்ணினேன், 94. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் ஒரு நோட்டு இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா, நோட்டே இல்லையா என்பது தெரியவில்லை. இருபது வருடமாக இந்த இரண்டு விரல்தான் என் சம்பளம். காந்தி படத்தின் மேல் விரல் ஓடும்போது மை சற்றே தூக்கலாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையா, நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். அன்றைக்கு எல்லா நோட்டுமே எனக்குக் கள்ள நோட்டு.

கை அறுவை நிபுணர் பஞ்சை வைத்துத் தொட்டார். "கண்ணை மூடிக்கங்க. எங்க தொடறேன்?" நான் காத்துக்கொண்டே இருந்தேன். அவர் ஏற்கெனவே மூன்று விரலைத் தொட்டு முடித்திருந்தார்.

அறுந்தது மீடியன் நரம்பு. அதன் பொறுப்பில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி. ஆமாம், பாதிதான். மோதிர விரலின் ஒரு பக்கம் ஒரு நரம்புக்கு, மறு பக்கம் இன்னொன்றுக்கு. இரண்டு வார்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தெரு மாதிரி.

வெட்டுப்பட்டு இரண்டு வாரத்தில் ஆபரேஷன். கை மட்டும் மரக்க ஊசி போட்டிருந்ததால் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்தபடி அவர் முதலில் இரண்டு முனையையும் கொஞ்சம் நறுக்கினார். நைந்த பகுதி போய், உள்ளே இருக்கும் கட்டுகள் பளிச்சென்று தெரிகிறவரை. பிறகு தலைமுடியைவிட மெல்லிசான நைலான் இழையில் தையல். எது எதோடு சேர வேண்டும் என்று எப்படித் தெரியும், கலர் இருக்கிறதா என்று கேட்டேன். மருந்து மயக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். ஆனாலும் பதில் சொன்னார். "கலர் இல்லைங்க. உறை மேல குட்டியா ரத்தக்குழாய் ஒண்ணு கோடு மாதிரி ஓடும். அந்தக் கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேரா வருதான்னு பாத்துக்குவோம். நான் தைக்கிறது உறையை மட்டும்தான். உள்ள இருக்கிற ஒவ்வொரு இழையையும் தைக்க யாராலயும் முடியாது. அது தானா வளரணும்."

பல்லாயிரம் இழை. கலர் கோடு கிடையாது. அப்பா வேலையை ராஜினாமா செய்திருப்பார்.

அப்பாவின் கேபிள் உவமை இந்த இடத்தில் உடைகிறது, உடைந்தால்தான் விஷயம் புரியும். கேபிளை மாலையில் கட்டினால் ராத்திரி போன் வேலை செய்யும். நரம்பில் அப்படி நடக்காது. ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு உயிரணுவின் நீட்சி. அந்த அணுவின் உடல் இருப்பது கழுத்துப் பக்கம், தண்டுவடத்திலோ அதை ஒட்டியோ. அங்கிருந்துதான் விரல் நுனிவரை அது கையை நீட்டிக்கொண்டு வருகிறது. நடுவில் வெட்டினால், கழுத்தோடு தொடர்பு அறுந்த கீழ்ப்பகுதி முழுக்க, விரல் நுனிவரை, செத்து உதிர்ந்துவிடும். எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அப்படித்தான். 1850-இல் அகஸ்டஸ் வாலர் என்பவர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார், இன்றைக்கும் இந்தச் சிதைவுக்கு அவர் பெயர்தான்.

செத்துப்போனாலும் குழாய் மிஞ்சுகிறது. இழையைச் சுற்றி உறை போட்டிருந்த ஷ்வான் அணுக்கள் இருக்கின்றனவே, அவை சாவதில்லை. வேலை மாற்றிக்கொள்கின்றன. முதலில் குப்பையைச் சுத்தம் செய்கின்றன, பிறகு பழைய குழாய்க்குள் வரிசையாக நின்று, வளர்ந்து வரப்போகிற புது இழைக்கு இப்படி வா, இப்படி வா என்று ரசாயனத்தால் வழி காட்டுகின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த அணுக்கள் இல்லை, அங்கே உறை போடுகிற அணுக்கள் வேறு ரகம். அவற்றின் உறை வளர்ச்சிக்கு வழிவிடுவதற்குப் பதில் தடுக்கிறது. கை நரம்பு வளரும், தண்டுவடம் வளராது என்பதற்கு இது ஒரு பெரிய காரணம். மேல் முனையிலிருந்து முளை கிளம்புகிறது, ஒன்றுக்குப் பல முளையாக. தையலைத் தாண்டி ஏதோ ஒரு குழாயைப் பிடிக்கிறது. சரியான குழாயா என்பது தலையெழுத்து. எந்தக் குழாயும் கிடைக்காதவை அங்கேயே சுருண்டு ஒரு முடிச்சாகி, தொட்டால் உயிர் போகும்.

வேகம்? நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்.

நான் முதலில் நம்பவில்லை. ஓட்டேரி மண்ணுக்கு அடியில் மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டிய மெஷின்கூட ஒரு நாளைக்குச் சில மீட்டர் போனது, அதையே நாம் என்னென்ன திட்டினோம். ஆனால் இழையைக் கட்டுவதற்கான சாமான் எல்லாம் கழுத்தில் தயாராகி, அறுபது எழுபது சென்டிமீட்டர் கீழே வந்து சேர வேண்டும். அந்தச் சரக்கு வண்டியே மெதுவாகத்தான் போகும். வெட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை ஸ்கேலை வைத்து அளந்தேன், 23 சென்டிமீட்டர். 230 நாள். முளை கிளம்புவதற்கே முதல் சில வாரம் போய்விடும் என்பதையும் சேர்த்தால் ஆகஸ்டு, செப்டம்பர். காலண்டரில் ஆடி 18-க்கு ஒரு வட்டம் போட்டேன். அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை, ஒரு தேதி வேண்டியிருந்தது.

என் அதிர்ஷ்டத்தை நான் பிசியோ பெஞ்சில்தான் புரிந்துகொண்டேன். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன். பைக்கிலிருந்து விழுந்ததில் தோளுக்கு மேலேயே நரம்புக் கொத்து பிய்ந்துவிட்டது. அங்கிருந்து விரலுக்கு 70, 75 சென்டிமீட்டர். அவனே கணக்குப் போட்டான், இரண்டு வருடம். ஆனால் நரம்பு வராத தசை ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது. சுருங்கி, நாராகவும் கொழுப்பாகவும் மாறிவிடும். ரயில் வரும்போது ஸ்டேஷன் இருக்காது. அதனால் அவனுக்கு வேறு வேலையில் இருக்கும் நரம்பு ஒன்றை எடுத்து முழங்கையை மடக்குகிற தசைக்குப் பக்கத்திலேயே இணைத்திருந்தார்கள். "அக்கா, விரல் வராதாம். கை மடங்குனா போதும், ஹெல்மெட்டைப் பிடிச்சுக்குவேன்" என்றான். மறுபடி பைக் ஓட்டுகிற யோசனையில் இருக்கிறான், படவா.

மூன்று வாரம் மாவுக்கட்டு. அதற்கப்புறம் வாரம் ஒருமுறை டாக்டர் விரலால் தட்டிக்கொண்டே வருவார். மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு. ஒரு இடத்தில் சுரீரென்று நடுவிரலுக்கு ஷாக் அடிக்கும். அங்கே பேனாவால் ஒரு புள்ளி. வளர்கிற முனை அங்கே இருக்கிறது என்று அர்த்தம். 1915-இல் இதைப் பால் ஹாஃப்மன் என்கிற ஜெர்மானியரும் ழூல் தினெல் என்கிற பிரெஞ்சுக்காரரும் தனித்தனியாக எழுதினார்கள். முதல் உலகப்போர் நடக்கிறது, இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம், இரண்டு பேர் முன்னாலும் குண்டடிபட்டு நரம்பு போன சிப்பாய்கள் படுத்திருக்கிறார்கள், இரண்டு பேரும் தட்டிப் பார்க்கிறார்கள். என் புள்ளி ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் நகர்ந்தது. நானே வீட்டில் மணிக்கொரு தரம் தட்டிப் பார்க்க ஆரம்பித்து, அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

காத்திருக்கிற காலம் சும்மா போகவில்லை. மார்ச்சில் தோசைக்கல்லின் விளிம்பில் ஆள்காட்டியை வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தேன். வாசனை வந்துதான் திரும்பிப் பார்த்தேன். வலி என்பது என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட் கண்டதும் அதைத்தான். விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை. உணர்ச்சி போனதால், சுட்டதும் அறுத்ததும் தெரியாமல் புண்ணாகித் தேய்கின்றன. அதற்கப்புறம் அடுப்படியில் என் வலது கைக்கு என் கண்தான் காவல்.

மே மாதம் வந்தது. சென்னை மே. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, அந்த மூன்றரை விரல் மட்டும் விபூதி பூசின மாதிரி வறண்டு கிடக்கிறது. வியர்க்கச் சொல்கிற இழைகளும் அதே நரம்பில்தான் வருகின்றன. மோதிர விரலின் நடுவில் கோடு போட்டது போல ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் வறட்சி. துணி துவைத்தால் சுண்டுவிரல் சுருங்கும், மற்றவை வழவழவென்று இருக்கும். நரம்பு இல்லாத விரல் தண்ணீரில் சுருங்காது, இதை ஒரு பரிசோதனையாகவே வைத்திருக்கிறார்கள். ஜூன் கடைசியில் ஒரு மத்தியானம் பஸ் கம்பியைப் பிடித்து விட்டபோது கட்டைவிரல் ரேகை ஈரமாகக் கம்பியில் பதிந்திருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள், "இறங்கணுமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அந்த மாதங்களில் சொந்தக்காரர்கள் கொடுத்த நரம்பு மாத்திரைகளைக் கொட்டினால் ஒரு படி தேறும். பி12 குறைவாக இருப்பவருக்கு அது அவசியம். எனக்குக் குறைவில்லை. "சும்மா சாப்பிடு, நரம்புக்கு நல்லது" என்ற சித்தியிடம், எந்த நரம்புக்கு என்று கேட்டேன், கோபித்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். 1903-இல் லண்டனில் ஹென்றி ஹெட் என்கிற டாக்டர், உணர்ச்சி எந்த வரிசையில் திரும்பி வருகிறது என்று அறிய, தன் கையிலேயே உணர்ச்சி நரம்பை வெட்டித் தைக்கச் சொன்னார். வாரக்கடைசிகளில் கேம்பிரிட்ஜுக்குப் போய், ரிவர்ஸ் என்கிற நண்பரிடம் கண்ணை மூடிக் கையை நீட்டுவார். நாலு வருடத்துக்கு மேல் இது நடந்தது. ஜன்னல் எனக்குச் செய்ததை அந்த மனுஷர் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கும் ஏறத்தாழ அவர் சொன்ன வரிசைதான். முதலில் வலியும் சூடும் குளிரும், அதுவும் அளவில்லாமல். ஊசி முனை பட்டால் கை முழுக்க எரியும், எங்கே பட்டது என்று சொல்லத் தெரியாது. மெல்லிய தொடுதல் அதற்கு ரொம்பப் பின்னால். ஏசி காற்று நேராகப் பட்டால் இன்றைக்கும் விரல் கடுக்கிறது. வங்கியில் என் இருக்கையை மாற்றித் தந்தார்கள்.

ஆடி 18 வந்தது, நடுவிரலில் ஒன்றும் வரவில்லை. புரட்டாசியில் வந்தது. ஆனால் வந்தது வேறு ஆள்.

அம்மா நடுவிரலைத் தொடுகிறார், எனக்கு ஆள்காட்டியில் தெரிகிறது. கட்டைவிரலின் ஓரத்தைத் தொட்டால் நடுவிரலின் அடியில் ஏதோ ஊர்கிறது. முளைகள் குழாய் மாறிப் போயிருக்கின்றன. மூளை மட்டும் பழைய டைரக்டரியை வைத்துக்கொண்டு, இந்த நம்பரில் மணி அடித்தால் அது ஆள்காட்டி என்று எடுத்துப் பேசுகிறது. குழந்தைகளுக்கு இந்த டைரக்டரி சீக்கிரம் மாறிவிடும், அதனால்தான் அவர்களுக்குக் கை நன்றாகத் திரும்புகிறது. எனக்கு 46. மாறும், ஆனால் உட்கார்ந்து எழுத வேண்டும். மூளையின் வரைபடம் பெரியவர்களுக்கும் மாறும் என்பதைக் கை இழந்தவர்களிடம் காட்டியவர்களில் ஒருவர் மூளை ஆராய்ச்சியாளர் வி. எஸ். ராமச்சந்திரன். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கன்னத்தைப் பஞ்சால் தொட்டால், இல்லாத கையில் தொட்டது போல் உணர்ந்தவர்களைப் பற்றி எழுதினார். அதே ஸ்டான்லியில்தான் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தார். வடசென்னையில் பிரஸ், லேத், பட்டறை என்று எத்தனை கை இயந்திரத்தில் மாட்டியிருக்கும் என்று நினைத்தால், அந்தப் பிரிவு வேறெங்கே வந்திருக்க முடியும்?

டைரக்டரி எழுதுகிற வேலை எங்கள் வீட்டில் கூடத்தில் நடக்கிறது. பிசியோ பெண் சொன்னது, பல துணிகளையும் சின்னச் சாமான்களையும் முதலில் பார்த்துக்கொண்டே தடவு, பிறகு கண்ணை மூடித் தடவு, தப்பானால் கண்ணைத் திறந்து பார்த்துத் திருத்து, ஒரு நாளில் பல முறை, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதை அம்மா தன் இலாகாவாக எடுத்துக்கொண்டார். கல்யாணப் புடவையின் ஜரிகை, தேங்காய் நார், உப்புத்தாள். அரிசிக்குள் ஒளித்து வைத்த மிளகு. பிறகு பருப்பு வகைகள். துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் விரலால் பிரிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. வெந்தயம் இன்றும் வெறும் மணல். சில்லறையில் பத்து ரூபாய் முதலில் பிடிபட்டது, ஒன்றும் இரண்டும் இன்னும் குழப்பம். பரணிலிருந்து பல்லாங்குழிகூட இறங்கியது. புளியங்கொட்டையைக் குழி குழியாகப் போடும்போது கையில் எத்தனை மிச்சம் என்று பார்க்காமல் சொல்ல வேண்டும். நான் திணறுகிற சமயத்தில் அம்மா இரண்டு காயை அமுக்கிவிடுகிறார், சிகிச்சை என்றும் பாராமல்.

கட்டைவிரல் இப்போது கூரையைப் பார்த்து நிற்கிறது. அதன் அடிச்சதை பழைய அளவு இல்லை, ஆனால் இருக்கிறது. நோட்டை இடது கையால் எண்ணப் பழகிவிட்டேன், வேகம் முக்கால்வாசி. வலது கை நோட்டின் மேல் மையை மறுபடி கண்டுகொள்கிறது, காகிதத்துக்கு நடுவில் ஒரு துணி வைத்தது போல. "சரியாயிடுச்சா?" என்று கேட்பவர்களிடம் ஆயிடுச்சு என்று சொல்லிவிடுகிறேன். இவ்வளவையும் லிஃப்ட் வருவதற்குள் சொல்ல முடியாது.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சடங்கு. நான் கண்ணை மூடிக் கையை நீட்ட வேண்டும். அம்மா பென்சிலின் பின்பக்கத்தால் ஒரு விரலைத் தொடுவார்.

"ஹலோ, யாரு பேசறது?"

"ஆள்காட்டி."

"ராங் நம்பர். வை போனை."

இப்படியே எத்தனையோ மாதம். போன வியாழக்கிழமை தொட்டதும், வழக்கமான அந்தத் தடுமாற்றம் இல்லாமல், "நடுவிரல்" என்றேன். சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால் அம்மா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

"கண்ணைத் தொறந்து பாத்துட்டியா?"

"இல்லம்மா, சத்தியமா."

"மூடு. இன்னொரு தரம் போடறேன்."

மூடினேன். பென்சில் பட்டது.

"ஆள்காட்டி" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்று எழுந்து, பால் காய்ச்சப் போனார்.